சிலிக்கோனுக்குள் மறையும் பிளாட்டினம்

ஸ்டிக்கரை உரித்தபின் நாம் கசக்கி எறியும் வழவழப்பான தாளின் மீது மெல்லிய சிலிக்கோன் பூச்சு உண்டு. பசை தாளோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுவே. அப்பூச்சைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்ட பிளாட்டினமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆபரணமாகும் உலோகம் குப்பைத் தொட்டிக்குப் போவது, பொருளியல் கற்பித்தவனுக்கு வியப்பான செலவுக் கணக்குதான்.

சிலிக்கனும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த கரிமச் சேர்மங்கள் இயற்கையில் கிடைப்பதில்லை, ஆலைகளில்தான் பிறக்கின்றன. 1940-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ, மலிவான தாமிரத்தை வினையூக்கியாகக் கொண்டு அதற்கு வழி திறந்தார். அடுத்த கட்டத்துக்கு, அதாவது சிலிக்கன்-ஹைட்ரஜன் பிணைப்பைக் கார்பன் இரட்டைப் பிணைப்பின் மீது சேர்க்கும் ஹைட்ரோசிலேற்றத்துக்கு, தாமிரம் உதவவில்லை. 1957-இல் டௌ கார்னிங்கின் ஜான் ஸ்பையரும் அவர் குழுவினரும் குளோரோபிளாட்டினிக் அமிலம் இவ்வினையைச் செவ்வனே நடத்துவதை வெளியிட்டனர். பத்து லட்சத்தில் சில பங்கு பிளாட்டினமே போதும். ஆனால், சிலிக்கோன் இறுகியபின் அச்சிறு துளியை மீட்க இயலாது.

பிளாட்டினத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சில வேளைகளில் அது இரட்டைப் பிணைப்பில் சிலிக்கனைச் சேர்க்காமல், அப்பிணைப்பை இடம் மாற்றிவிடுகிறது. அவ்வாறு மாறிய மூலப்பொருள் வினைபுரியாது தேங்கும். அதனை ஈடுகட்டக் கூடுதல் மூலப்பொருள் வேண்டும். தேங்கியதை நீக்க எரிபொருளும் வேண்டும். வேதியியலார் 'தேர்வுத்திறன்' என்று சொல்வது ஆலை முதலாளிக்கு ரூபாய்க் கணக்கு.

விலையும் நிலையற்றது. உலகப் பிளாட்டினத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் வெட்டப்படுகிறது. 2008 தொடக்கத்தில் அங்கு மின்தட்டுப்பாட்டால் சுரங்கங்கள் நின்றன. அவுன்ஸ் விலை 2,000 டாலரைத் தாண்டியது. உலக நெருக்கடி சூழ்ந்த அவ்வாண்டின் இறுதிக்குள் 1,000 டாலருக்கும் கீழே சரிந்தது. இப்படி ஆடும் விலையை நம்பி எவர் திட்டமிட முடியும்?

2012-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால் சிரிக், மொமென்டிவ் நிறுவனத்தாருடன் இணைந்து, இரும்பு வினையூக்கிகள் இவ்வினையை நடத்துவதை 'சயின்ஸ்' இதழில் காட்டினார். சிலிக்கன் சங்கிலியின் முனையிலேயே சேர்ந்தது. இடமாற்றத் தொல்லையும் நீங்கியது. எனினும், இரும்பு மலிவு என்பதால் வினையூக்கியும் மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்விரும்பணுவைச் சூழ்ந்து நிற்கும் கரிம மூலக்கூறைத் தனியே தயாரிக்க வேண்டும். காற்றும் ஈரமும் படாமல் அதைக் காக்கவும் வேண்டும். பிளாட்டினத்துக்கு அத்தகைய காவல் தேவையில்லை. தொழிற்சாலைகள் இன்றும் அதைப் பெரிதும் சார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.