சிவ்ரி சேற்றுக்குள் ஒரு குடியிருப்பு

ஹார்பர் பாதையில் வடாலாவை அடுத்த நிலையம் சிவ்ரி. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்குள்ள கடற்கழியில் பூநாரைகளைக் காணக் கூட்டம் கூடுகிறது. பறவையைப் பார்ப்பவர்கள் அது நிற்கும் சேற்றைப் பார்ப்பதில்லை. அந்தச் சேற்றுக்குள் புழு, நண்டு, மட்டி, நத்தை என்று ஒரு பெரும் குடித்தனமே நடக்கிறது.

மும்பைக் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. யார் எங்கே குடியிருப்பது என்பதை இந்த ஏற்றவற்றமே தீர்மானிக்கிறது. அலையாத்தி மரங்களை ஒட்டிய மேட்டில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும், கோலிகள் 'நிவ்டி' என்று சொல்லும், சேற்றில் துள்ளும் மீனும் வாழ்கின்றன. வெயிலையும் வறட்சியையும் தாங்கக் கூடியவை இவை. தாங்க முடியாதவை தண்ணீர் அதிக நேரம் நிற்கும் தாழ்ந்த பகுதியில் தங்குகின்றன.

சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் வரைதான் பிராணவாயு உண்டு. அதற்குக் கீழே கறுத்த, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சேறு. புழுக்களும் நண்டுகளும் தோண்டும் வளைகள் வழியாகத்தான் கீழே காற்று இறங்குகிறது.

மழைக்குப் பின் வசந்தம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும்போது கழியின் உப்பு குறைகிறது. வண்டல் வந்து மூடுகிறது. பல உயிர்கள் மடிகின்றன. சில ஆழத்துக்குள் பதுங்குகின்றன. மழை ஓய்ந்து உப்பு ஏறியதும் தண்ணீரில் மிதந்து வரும் குஞ்சுகள் சேற்றில் குடியேறுகின்றன. பாசியும் படர்கிறது. சிறிய பூநாரை பாசியை வடிகட்டித் தின்கிறது. பெரிய பூநாரை புழுக்களையும் சிறு ஓட்டுயிர்களையும் உண்கிறது.

சாக்கடை கலக்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே வகை குறைந்து, கழிவைத் தாங்கும் ஒரு சில புழுக்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். எண்ணிக்கை கூடியதைக் கண்டு வளம் என்று எண்ணிவிடக் கூடாது.

தாணா கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரை சரணாலயமானது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சிவ்ரியோ அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது பாலம் புறப்படுவதும் இங்கிருந்துதான். ஏழு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து எழுந்த நகரம் இது. சேறுதானே என்று மண்ணைக் கொட்டினால் மனை கிடைக்கும்; மட்டியும் நிவ்டியும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அடுப்பு எரியாது.