பம்ப் போகவில்லை, காற்றுதான் போகவில்லை

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், தம்பியிடமிருந்து ஏழு குரல் பதிவுகள். முதல் பதிவில் அவன் குரலே இல்லை. வைப்பர் ஓடும் சத்தமும் மழைச் சத்தமும்தான். இரண்டாவதில், "அக்கா, விளக்கு வந்திருச்சு" என்றான். அவன் அப்போது காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டி, பெந்தோங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி.

விளக்கு என்று அவன் சொன்னது என்ஜின் விளக்கை அல்ல. நான்கு சக்கர இயக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லும் எச்சரிக்கை. அவனுடையது மிட்சுபிஷி லான்சர் எவோ 10, ஐந்து கியர் மேனுவல், ஜப்பானிலிருந்து ரீகண்டாக வந்து இங்கே இரண்டு கை மாறியது. குழந்தை வரப்போகும் நேரத்தில் எவோ எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அம்மா தினமும் கேட்கிறார்.

நம் நாட்டில் எவோ மேல் உள்ள மோகத்துக்குக் காரணம் உண்டு. 1993இல் வந்த புரோட்டோன் வீரா, லான்சரின் உடன்பிறப்பு. வீராவின் முகத்தைக் கழற்றி எவோ முகத்தை மாட்டிய கார்களை நாம் எல்லாருமே தாமான் முனையில் பார்த்திருக்கிறோம். 2002இல் நம் நாட்டு கரம்ஜித் சிங், சக ஓட்டுநர் ஆலன் ஓவுடன் உலக ராலி போட்டியின் புரொடக்‌ஷன் கார் பிரிவில் பட்டம் வென்றது புரோட்டோன் பெர்ட் காரில். அதன் பெயர்ப்பலகை புரோட்டோன், உள்ளே இருந்தது எவோ. தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அவன் மேசையில் ஒட்டியிருந்த செய்தித்தாள் படம் பழுப்பேறும் வரை இருந்தது. எவோ வாங்கியது பணத்தைப் பார்த்து எடுத்த முடிவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியார் வீட்டுக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் திரும்பி வந்து, மூன்று வாரம் முன்பு கிளட்ச் மாற்றிய அதே பட்டறையில் காரைக் காட்டினான். ஸ்கேனரைச் செருகினார்கள். ஹைட்ராலிக் அழுத்தம் போதவில்லை என்று பிழை எண் வந்தது. "பம்ப் போச்சு. புதுசு எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி, வேலை தனி" என்றார்கள். தம்பியின் வங்கிக் கணக்கில் பிரசவத்துக்கென்று ஒதுக்கியிருந்தது ஒன்பதாயிரம்.

எனக்கு கார் தெரியாது. ஆனால் 'போச்சு' என்று ஒருவர் சொன்னால், எதை வைத்து என்று கேட்கத் தெரியும். வானொலியில் பத்து வருடமாக அதைத்தானே செய்கிறேன். கேட்டேன். ஸ்கேனர் சொல்கிறது என்றார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்த எண்ணெய் என்ன செய்கிறது?

ரவாங்கில் எங்கள் அப்பாவின் பழைய வீராவைப் பார்த்துவந்த ஃபோர்மன் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். எங்களுக்கு அவர் அங்கிள். சனிக்கிழமை காலை இருவரும் போனோம். காரைத் தொடும் முன் தே தாரிக் வாங்கிவரச் சொன்னார். பிறகு ஒரு பழைய ஊசிக்குழாயை எடுத்து எனக்கு வகுப்பே எடுத்தார்.

எவோவில் என்ஜினின் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். அது எவ்வளவு இறுகலாம், எவ்வளவு தளரலாம் என்பதை ஒரு கிளட்ச் அடுக்கு தீர்மானிக்கிறது. இது 2001இல் எவோ 7இல் வந்தது. பின்பக்க டிஃபரன்ஷியலில் இன்னொரு ஏற்பாடு. வளைவில் இடது, வலது பின் சக்கரங்களில் எதற்கு அதிக இழுவை என்று மாற்றிக் கொடுக்கும். இது 1996இல் எவோ 4இலேயே வந்துவிட்டது. இரண்டுக்கும் கை, கால் எல்லாம் ஹைட்ராலிக் எண்ணெய்தான். மின்சாரப் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்துகிறது. அக்குமுலேட்டர் என்ற குடுவை அந்த அழுத்தத்தைச் சேமித்து வைக்கிறது. ஸ்டீரிங் கோணம், சக்கர வேகம், பக்கவாட்டு விசை ஆகியவற்றைப் பார்த்து கணினி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் அதற்கேற்ப இறுகுகின்றன.

அங்கிள் ஊசிக்குழாயில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து, அழுத்தச் சொன்னார். அசையவில்லை. அடுத்து பாதித் தண்ணீர், பாதிக் காற்று. இப்போது பிஸ்டன் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

"இப்ப உன் விரல்தான் பம்ப். விரல் போச்சா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எண்ணெயைச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் காற்று நுழைந்துவிட்டால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அதன் உழைப்பு காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். அழுத்தம் ஏறாது, அல்லது திக்கித் திக்கி ஏறும். கணினிக்குத் தெரிவது ஒன்றுதான்: எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை. உடனே பாதுகாப்புக்காக முழு ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது. பம்ப் உண்மையிலேயே செத்துப்போனாலும் அதே விளக்கு. எண்ணெய் குறைந்தாலும், ஊசித் துவாரம் போன்ற வடிகட்டியில் அழுக்கு அடைத்தாலும் அதே விளக்கு.

விளக்கு வந்த பிறகு கார் ஓடாமல் போவதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரி. ஒரு சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் இழுவை அந்தப் பக்கமே ஓடிவிடும். வளைவில் காரின் மூக்கு வெளியே போகப் பார்க்கும். எவோ தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிப் பழகியவருக்கு காராக் மழையில் இது சின்ன விஷயமில்லை. விளக்கு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, சாதாரண கார் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள்.

வரிசையாகப் பார்த்தது

அங்கிள் முதலில் கேட்டது, "கடைசியா என்ன வேலை செஞ்ச?" என்று. கிளட்ச் என்றான் தம்பி. அவர் சிரித்தே விட்டார். இந்த மாடலில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்ற வேண்டும். அதற்குள்தான் நடு டிஃபரன்ஷியலின் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கிறது. குழாயைப் பிரிக்காமல் வேலை நடக்காது. பிரித்தால் காற்று போகும். திரும்பப் பூட்டியபின் அந்தக் காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். அந்தப் பட்டறையின் ரசீதில் கிளட்ச் இருந்தது, கியர் எண்ணெய் இருந்தது. காற்று எடுத்ததாக ஒரு வரிகூட இல்லை.

ஆனாலும் அவர் அதோடு முடிவுக்கு வரவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். பாட்டரி மின்னழுத்தத்தைப் பார்த்தார், ஏனென்றால் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சமதரையில் நிறுத்தி, பூட்டுக்குள் பக்க மறைப்பைத் திறந்து, ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தார். மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே. எண்ணெய் கருத்திருந்தது. புதிதாக இருக்கும்போது அது சிவப்பு. இதில் ஊற்ற வேண்டியது டயாகுயின் ஏடிஎஃப் எஸ்பி 3 என்ற ஆட்டோ கியர் எண்ணெய். அவசரத்துக்கு பிரேக் எண்ணெயை ஊற்றியவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். பிரேக் எண்ணெயின் ரசாயனம் வேறு. இதிலுள்ள ரப்பர் சீல்களை அது ஊதிப் பெருக்கிக் கெடுத்துவிடும். அப்புறம் பம்ப், வால்வு, கிளட்ச் எல்லாவற்றையும் பிரித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

மட்டம் குறைந்தால் எண்ணெய் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மேலே ஊற்றிவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்காது. காரைத் தூக்கி, முன்னிருந்து பின்வரை குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே போனார். டிரான்ஸ்ஃபர் கேஸில் குழாய் சேரும் இடத்தில் ஈரம். வாஷர் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். தரையில் சொட்டும் அளவுக்கு இல்லை, துடைத்தால் மட்டும் சிவந்த கறை. வெளியே கசிவே தெரியாத வேறொரு வகையும் உண்டாம். உள் சீல் கிழிந்தால் ஹைட்ராலிக் எண்ணெய் டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர் எண்ணெயோடு கலந்துவிடும். தொட்டியில் குறையும், தரையில் ஒரு சொட்டு இருக்காது. அதற்காக கியர் எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்தார். அது சரியாக இருந்தது. நல்ல வேளை.

அடுத்து பம்ப். எவோ 10இல் அது வலது பின் சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்கு உட்புறத்தில் தொங்குகிறது. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் சேறும் போய்ச் சேருவது அங்கேதான். யார் அங்கே வைக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை! ஜப்பானில் பனிப் பிரதேசங்களில் சாலைக்குப் போடும் உப்பைத் தின்றுவிட்டு வந்த ரீகண்ட் கார் என்றால் இன்னும் மோசம். நம் ஊரில் உப்பு போடுவதில்லை, ஆனால் வெள்ளம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிய நின்ற கார்களை யாரும் மறந்திருக்க முடியாது. செகண்ட் ஹேண்டில் இந்த வகைக் கார் வாங்கப் போகிறவர்கள், பெயிண்டைப் பார்க்கும் முன் பின் சக்கரத்தின் உள்மறைப்பைக் கழற்றிப் பம்பைப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

தம்பியின் பம்பில் இணைப்பியின் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. அங்கிள் அதைச் சுத்தம் செய்தார். பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டார். பம்ப் ஓடியது. இரைச்சல் கொஞ்சம் அதிகம், ஆனால் ஓடியது. "செத்த பம்ப் பாடாது மா" என்றார் என்னிடம்.

நான்கு டயர்களையும்கூட விடவில்லை. முன்னும் பின்னும் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால், சுற்றளவு மாறி, சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். நேர்ச் சாலையில்கூட நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைக்கும், அதன் கிளட்ச் இறுகும்போது சூடேறும். டயர் கடையில் இரண்டு மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்களுக்காக இதைச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

காற்றை எடுத்த மதியம்

கசிந்த இடத்தில் புது வாஷர். வடிகட்டிச் சல்லடையைக் கழுவினார். பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினார். நூல் உதிரும் துணியைத் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே விடவில்லை. வால்வுகளின் இடைவெளி அவ்வளவு நுண்ணியது, ஒரு நூலிழை போதுமாம்.

பிறகு மூன்று பேர் வேலை. தம்பி உள்ளே லேப்டாப்புடன். பம்பையும் வால்வுகளையும் கட்டளை கொடுத்து ஓடவைக்கும் மென்பொருள் இல்லாமல் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. பிரேக் மாதிரி மிதித்து எடுக்க இதில் மிதி கிடையாது. அங்கிள் காருக்கு அடியில், காற்று எடுக்கும் நிப்பிளில் தெளிந்த ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டிருந்தார். நான் பூட் பக்கம், தொட்டியில் எண்ணெய் தீராமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி வற்றினாலும் புதுக் காற்று உள்ளே போய், எல்லாம் முதலிலிருந்து. நேரலையில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"ஓட்டு" என்பார் அங்கிள். பம்ப் முனகும். குழாயில் சோடா மாதிரி நுரை வந்தது. நிப்பிளை மூடுவார். "நிறுத்து." மறுபடி "ஓட்டு". நடு டிஃபரன்ஷியலில் மட்டும் நுரை நிற்க அரை மணி நேரம் ஆனது. பின்பக்கம் இடது, வலது இரண்டிலும் ஒன்றிரண்டு குமிழிகள்தான். கிளட்ச் வேலையில் பிரித்த இடத்தில்தான் காற்று அத்தனையும் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் பிழை எண்ணை அழித்துவிட்டு, ஸ்கேனரில் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். காலையில் திக்கித் திக்கி ஏறி பாதியில் நின்ற எண், இப்போது ஒரே மூச்சில் ஏறி நின்றது. பம்ப் தானாக நின்றது. இரைச்சல் அடங்கியபோதுதான் பக்கத்துக் கோயில் மணிச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எண்ணெய், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 380 வெள்ளி வாங்கினார். முதல் பட்டறை வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். காற்று எடுக்கும் கருவி அவர்களிடம் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது ஸ்கேனர் சொன்னதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ரசீதோடு போய்க் கேட்டபோது அவர்கள் கிளட்ச் வேலைக் கூலியில் நூறு வெள்ளி திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்பு கேட்கவில்லை.

பம்ப் நன்றாக இருக்கிறது என்றும் அங்கிள் சொல்லவில்லை. துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இரைச்சல் இருக்கிறது, ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்த மாதம் இல்லை என்றார். தொட்டியில் மட்டம் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒன்றை ஒட்டி, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். இறங்காவிட்டால் நிம்மதி. இறங்கினால் ஊற்றாமல் நேரே இங்கே வா என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை பெந்தோங் போய் வந்துவிட்டார்கள், ஒரு முறை நல்ல மழையில். விளக்கு வரவில்லை. போன வியாழக்கிழமை தம்பி ஒரு படம் அனுப்பினான். டேப்பின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது, அல்லது கார் நிறுத்திய தரை சாய்வாக இருந்திருக்கலாம். நாளை சனிக்கிழமை மறுபடி ரவாங் போகிறோம். தே தாரிக் என் கணக்கு.