ஆரோக்கியப்பச்சை யாருக்குச் சொந்தம்?

வலியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் அப்பளம், பொடி, ஊறுகாய் விற்கும் நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். பாட்டி காலத்துப் பக்குவத்திற்குச் சட்டத்தில் உரிமை வாங்க முடியுமா? நம் ஜில்லாவிலேயே நடந்த ஒரு கதை இதற்கு விடை சொல்லும்.

1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளாக வந்த காணி மக்களோ ஏதோ சிறு காய்களை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்னவென்று எளிதில் சொல்லிவிடவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகே ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக் கொடுத்தார்கள். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதனுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு, 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் தயாரிப்பு உரிமையை வழங்கியது. வரவில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடு. அதைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஒரு டிரஸ்ட் பதிவாயிற்று.

கவனிக்க வேண்டியது, அந்தப் பாதி நிலையம் மனமுவந்து கொடுத்ததே தவிர, காப்புரிமைச் சட்டம் வாங்கிக் கொடுத்ததல்ல. காப்புரிமை (பேட்டண்ட்) புதிய கண்டுபிடிப்புக்கு மட்டுமே, அதுவும் 20 ஆண்டுகளுக்கு. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம் புதியதாகாது. 1995-இல் புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! நம் விஞ்ஞானத் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரம் காட்டி வாதாட, 1997-இல் அது ரத்தாயிற்று. நம் சட்டமும் பரம்பரை அறிவுக்குக் காப்புரிமை தருவதில்லை. காணி மக்களைப் போன்றவர்களுக்குப் பங்கு தருவதைச் சட்டமாக்கியது 2002-இல் வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம்தான்.

ஆகவே, பாட்டியின் சாம்பார்ப் பொடிக்குக் காப்புரிமை கிடையாது. அளவை வெளியில் சொல்லாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. ஆனால் பொட்டலத்தின் பெயரை வணிகச் சின்னமாக (டிரேட் மார்க்) பதிவு செய்யலாம். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் அது பேரன் காலத்திலும் நிற்கும். பொட்டலத்தில் அச்சிட்ட படத்திற்குப் பதிப்புரிமை, வரைந்தவர் காலத்திற்குப் பின் 60 ஆண்டுகள் வரை. காசு கொடுத்து வரையச் சொன்னால், உரிமை யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நம்மில் பலர் இதைச் செய்வதில்லை.

கேரளத்துக்கான வணிகச் சின்ன அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அதே பெயரை வேறு யாரேனும் முன்பே பதிவு செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு லேபிள் அச்சடிக்கக் கொடுங்கள்.