சிற்றூர்ப் பத்திரிகையும் பள்ளிக்கூடமும்

அமெரிக்கா என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன நியூயார்க்கின் வானளாவிய மாளிகைகளே. ஆனால் அந்நாட்டு மக்களாட்சியின் வேரைக் காண விழைவோர் அதன் சிற்றூர்களைப் பார்க்க வேண்டும். அங்கே ஊரைத் தாங்கி நிற்பவை இரண்டு: ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று உள்ளூர்ச் செய்தித்தாள். இவ்விரண்டின் உறவைப் பற்றிப் படித்தபோது, அரசியல் அறிவியல் மாணவனாகிய எனக்கு வியப்பு மேலிட்டது. அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

வரியும் வாரியமும்

அங்குப் பொதுப் பள்ளிகளை நடத்துவது, பெரும்பாலும் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். கன்சாஸ் மாநிலத்தில் வாரிய உறுப்பினர் எழுவர். வீட்டுக்கும் நிலத்துக்கும் மக்கள் செலுத்தும் சொத்து வரியில் பெரும் பங்கு பள்ளிக்கே செல்கிறது. தலைமையாசிரியரை அமர்த்துவதும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் வாரியமே. மாலையில் கூடும் அக்கூட்டத்திற்கு ஊரார் எத்தனை பேர் போவர்? ஆனால் பத்திரிகை நிருபர் போவார்; அவர் எழுதுவதை ஊரே படிக்கும். தேர்ச்சிப் பட்டியலையும் வெள்ளிக்கிழமைக் கால்பந்தாட்ட முடிவையும் தேடிப் பத்திரிகையைப் பிரிக்கும் பெற்றோர், அடுத்த பத்தியில் வரி உயர்வையும் அறிந்துகொள்கின்றனர்.

மாணவர் செய்த பணி

கன்சாஸின் தென்கிழக்கே பிட்ஸ்பர்க் என்றோர் ஊர். மக்கள் தொகை ஏறத்தாழ 20,000. 2017 மார்ச்சில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் நியமிக்கப்பட்டார். பள்ளியின் மாணவர் இதழான 'பூஸ்டர் ரீடக்ஸ்' அவரை வரவேற்றுக் கட்டுரை எழுத முனைந்தது. விவரம் திரட்டிய மாணவர்களுக்கு ஐயம் எழுந்தது. அவர் உயர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்திற்கு அங்கீகாரம் இருப்பதாகத் தெரியவில்லை! மாணவர்கள் வசைபாடவில்லை, கேட்டார்கள், சரிபார்த்தார்கள், மார்ச் இறுதியில் வெளியிட்டார்கள். ஏப்ரல் 4 அன்று அவர் பதவி விலகினார்.

இத்துணிவுக்குச் சட்டமும் துணை நின்றது. மாணவர் இதழின் பக்கங்களை நீக்கப் பள்ளிக்கு உரிமையுண்டு என 1988இல் ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1992இல் கன்சாஸ் தனிச்சட்டம் இயற்றி மாணவர் இதழ்களின் உரிமையைக் காத்தது.

அணையும் விளக்குகள்

விளம்பர வருவாய் இணையத்தின்பால் சென்றதால், 2005க்குப் பின் அந்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வார இதழ்கள். பத்திரிகை மறைந்தாலும் வாரியம் கூடும், வரி விதிக்கும். கூட்டத்தில் அமர்ந்து குறிப்பெடுப்பவர்தாம் இருக்கமாட்டார். இழப்பு இதுவே.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் 1874இல் தோன்றிய 'ஓகில்தார்ப் எக்கோ' வார இதழ் 2021இல் மூடப்படும் நிலை எய்தியது. இலாப நோக்கற்ற அமைப்பொன்று அதனை ஏற்றது. ஜார்ஜியாப் பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள் செய்தி திரட்டினர். இதழ் பிழைத்தது.

நண்பர்களே! அம்மாணவர்கள் நம் வயதினர். பிட்ஸ்பர்க் மாணவர்களோ நம்மினும் இளையோர். அவர்களிடம் பெருஞ்செல்வம் இல்லை, பதவி இல்லை. இருந்தவை ஒரு குறிப்பேடும், கேட்கத் தயங்காத நாவும், சரிபாராமல் எழுதாத நேர்மையுமே. கற்றவர்க்கு இவற்றினும் சிறந்த அணி வேறு உண்டோ?