ஆம்ஹர்ஸ்ட்டின் வாசல்

பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் அமெரிக்க மாணவர்கள் பலர் ஒரு கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். பள்ளி மதிப்பெண் இவ்வளவு, எஸ்ஏடி தேர்வில் இவ்வளவு, கூடவே வயலின், விவாத மேடை, கோடையில் ஓர் ஆய்வுக்கூடம். இவற்றை வைத்து வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இடம் கிடைக்குமா என்பதுதான் கணக்கு. இவை சிறிய கல்லூரிகள். மொத்தமாகவே ஏறத்தாழ 2,000 பேர்தான் படிப்பார்கள். இளங்கலை மாணவருக்குப் பேராசிரியரே பாடம் நடத்துவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போட்டி அதற்காகத்தான். இன்று விண்ணப்பிக்கும் 100 பேரில் 10 பேருக்குக்கூட இங்கே இடம் கிடைப்பதில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1821இல் தொடங்கியபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. கல்லூரிதான் மாணவரைத் தேடியது. சமயப் பணிக்குப் போக விரும்பும் ஏழை இளைஞர்களை இலவசமாகப் படிக்கவைக்க 50,000 டாலர் அறநிதி திரட்டினார்கள். அந்த நிதியை நம்பித்தான் கல்லூரியே எழுந்தது. முதல் தலைவர் மூர், வில்லியம்ஸ் கல்லூரியை விட்டு வந்தபோது அங்கிருந்து மாணவர் சிலரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் கிரேக்கம், கணக்கு; ஆசிரியர்கள் நேரில் கேட்பதற்குப் பதில் சொன்னால் இடம் உண்டு. 1826இல் எட்வர்ட் ஜோன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இங்கே பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் வாங்கிய முதல் சில கறுப்பினத்தவரில் அவர் ஒருவர்.

இந்தக் கல்லூரிகளின் அன்றைய சமயப் பற்றுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1806இல் வில்லியம்ஸ் மாணவர் ஐந்து பேர் மழைக்கு வைக்கோல் போர் ஓரம் ஒதுங்கி ஜெபித்ததிலிருந்து வளர்ந்த இயக்கம்தான், பின்னாளில் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் அமெரிக்க மிஷனரிகளை அனுப்பியது. அந்த மிஷனரிகளில் ஒருவரான வின்ஸ்லோ 1862இல் சென்னையில் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அவரும் இத்தகைய ஒரு கல்லூரியில், மிடில்பரியில், படித்தவர்.

ஆனால் ஆம்ஹர்ஸ்ட்டின் அந்த எளிய சேர்க்கை வாசல் எல்லோருக்குமானதாக இல்லை. ஆம்ஹர்ஸ்ட்டை நிறுவியவர்களில் ஒருவரின் பேத்தி, கவிஞர் எமிலி டிக்கின்சன். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா கட்டியெழுப்பிய கல்லூரியில் அவர் சேர முடியாது. பெண்களுக்கான மவுண்ட் ஹோலியோக் பள்ளிக்குத்தான் போனார். ஆம்ஹர்ஸ்ட்டில் பெண்கள் சேர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தாலும் அதுவரை அவளுடைய வாய்ப்பு பூஜ்யம். பழைய காலத்தில் இடம் சுலபமாகக் கிடைத்தது என்று ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் வாசலைத் திறந்த சாவி வேறு. அருகிலுள்ள டீர்ஃபீல்டு பள்ளியில் 1902 முதல் 1968 வரை ஃபிராங்க் பாய்டன் தலைமையாசிரியராக இருந்தார். அவரே ஆம்ஹர்ஸ்ட்டில் படித்தவர். அப்படிப்பட்ட ஒருவர் தம் பள்ளி மாணவனைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்குச் சேர்க்கை அலுவலகத்தில் எடை இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகள் வெளியே நின்றார்கள்.

பிறகு எண்கள் வந்தன. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் கூடி 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தை உருவாக்கின. 1983இல் ஒரு வார இதழ் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. அப்போதும் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து தபாலில்தான் அனுப்ப வேண்டும். மாணவர் நாலைந்து கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்வார். நான்கு பேரில் ஒருவருக்கு, சில இடங்களில் மூன்று பேரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. ஏப்ரலில் தபால்காரர் தடித்த உறை கொண்டுவந்தால் மகிழ்ச்சி, மெல்லிய உறை என்றால் அழுகை. 1998இல் பொது விண்ணப்பம் இணையத்துக்குப் போனது. இன்று 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஒரே மாணவர் 15 இடங்களுக்கு விண்ணப்பிப்பது சாதாரணமாகிவிட்டது. போடின் கல்லூரி 1969லேயே எஸ்ஏடி கட்டாயமில்லை என்று அறிவித்திருந்தது. 2020இல் கொரோனா வந்ததும் மற்றவையும் அந்த வழிக்கு வந்தன. விண்ணப்பங்கள் இன்னும் பெருகின. ஆம்ஹர்ஸ்ட்டில் ஓராண்டில் சேர்வோர் 500க்கும் குறைவு, விண்ணப்பங்களோ 12,000க்கும் மேல்.

சதவீதம் சுருங்கியதற்குப் பிள்ளைகளின் தரம் காரணமல்ல. ஒரே பிள்ளை பல வரிசைகளில் நிற்பதே பெருங்காரணம். அதைவிட முக்கியமாக, அந்த ஒற்றைச் சதவீதம் யாருடைய வாய்ப்பையும் சொல்வதில்லை. உள்ளே நுழையப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்த எண் அது. விளையாட்டு ஒரு வழி. இந்தக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை, ஆனால் பயிற்சியாளர் கேட்கும் வீரருக்கு இடம் சுலபமாகிறது. ஆம்ஹர்ஸ்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கல்லூரி அணியில் ஆடுகிறவர். ஸ்குவாஷும் படகோட்டமும் எந்தப் பள்ளிகளில் இருக்கும் என்று யோசித்தாலே மீதி புரியும். 'ஏர்லி டிசிஷன்' இன்னொரு வழி. இடம் தந்தால் கட்டாயம் சேர்வேன் என்று நவம்பரிலேயே உறுதி கொடுத்து விண்ணப்பிப்பது. சில கல்லூரிகளில் புது மாணவரில் பாதிக்கு மேல் இப்படித்தான் சேர்கிறார்கள். பல கல்லூரிகள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் எப்படி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும்?

பழைய மாணவரின் பிள்ளைகளுக்குத் தந்துவந்த சலுகையை ஆம்ஹர்ஸ்ட் 2021இல் கைவிட்டது. அது நல்ல முடிவு, பாராட்ட வேண்டியது. 2023 ஜூனில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆம்ஹர்ஸ்ட்டில் சேர்ந்த புது மாணவரில் கறுப்பினத்தவரின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக விழுந்தது. எட்வர்ட் ஜோன்ஸ் பட்டம் பெற்ற கல்லூரியில் இது நடந்தது என்பதை என்னால் வெறும் புள்ளிவிவரமாகக் கடந்துபோக முடியவில்லை.

என்னை அதிகம் வருத்துவது விண்ணப்பிக்காத பிள்ளைகள்தான். பொருளாதார ஆய்வாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி இருவரும், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவரில் பெரும்பாலோர் தேர்ந்த கல்லூரி எதற்குமே விண்ணப்பிப்பதில்லை என்று காட்டினார்கள். சிற்றூர்ப் பள்ளிக்குக் கல்லூரியிலிருந்து ஆள் வருவதில்லை. நூற்றுக்கணக்கான மாணவருக்கு ஒரே வழிகாட்டி. ஆண்டுச் செலவு 90,000 டாலர் என்ற எண்ணைப் பார்த்ததுமே வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது. குடும்பத்தால் கட்ட முடியாததென்று கல்லூரி கணக்கிடும் தொகையை ஆம்ஹர்ஸ்ட்டே ஏற்கிறது, அதுவும் கடனாக அல்ல என்பது அந்த வீட்டுக்குத் தெரியாது. தங்கள் வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்க்க ஒரு கணிப்பானைத் தளத்தில் வைக்க வேண்டும் என 2011இலிருந்து சட்டமே கல்லூரிகளைக் கட்டாயப்படுத்துகிறது. தேர்ந்த கல்லூரிகளையும் ஏழை மாணவரையும் இணைக்கக் குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் வழியே பொருந்தும் மாணவருக்கு நான்காண்டுப் படிப்பும் இலவசம்.

வெளிநாட்டு மாணவரால் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே தேர்ந்தெடுப்பதை 2008இல் ஆம்ஹர்ஸ்ட் தொடங்கியது. அவர்களுக்கான போட்டி அமெரிக்க மாணவருடையதைவிடக் கடுமை. ஆனாலும் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விண்ணப்பிக்கும் பிள்ளையின் வீட்டு வருமானம் அந்தத் தேர்வில் குறுக்கே வராது.