பல்லைக் காப்பாற்ற டவுனுக்குத்தான் போக வேண்டுமா?

அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் பலர் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள்: "பிடுங்கி விட்ருங்க டாக்டர்." கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்து, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, இனித் தாங்காது என்றான பிறகே பஸ் ஏறுகிறார்கள். அதற்குள் பல்லைக் காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளியே வரும் பல் மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கிளினிக்குகள் நகரங்களில் குவிந்திருக்கின்றன. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிகளில் பஸ் பிடிக்கவே வெகுதூரம் நடக்க வேண்டிய ஊர்கள் உண்டு. இந்தத் தொலைவைக் குறைக்க ஊருக்குள்ளேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

ஏன் பிடுங்குவதில் முடிகிறது?

சொத்தை சின்னக் கறுப்புப் புள்ளியாக இருக்கும்போது வலிக்காது. அப்போது போனால் பெரும்பாலும் ஒரே தடவையில் அடைத்துவிடலாம். நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை செய்து, பல்லுக்குக் கேப் போட வேண்டியிருக்கும். அதற்குப் பலமுறை அலைய வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பஸ் செலவு தனி. பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. கையிலிருக்கும் காசைக் கணக்குப் போட்டுத்தான் பல்லை இழக்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

அதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. பார்வைக்கான நரம்பும் பல்லுக்கான நரம்பும் வேறு வேறு. அந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

ஆறு வயதில் நடக்கும் தவறு

"விழப்போற பல்லுதானே" என்று குழந்தைகளின் சொத்தையை விட்டுவிடுகிறோம். பால் கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிட்டால், போனது போனதுதான்.

மின்சாரம் இல்லாமலும் அடைக்கலாம்

பல்லை அடைக்க டிரில்லும் பெரிய நாற்காலியும் வேண்டும் என்பது எல்லா நேரத்திலும் உண்மையல்ல. 1980-களில் டான்சானியாவில், மின்சாரம் இல்லாத இடங்களுக்காக ஒரு சிகிச்சை முறை உருவானது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் என்ற சிமென்டால் குழியை அடைப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசியும் தேவைப்படாது. பள்ளி வகுப்பறை மேசையிலேயே செய்யலாம்.

சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்ற திரவத்தைத் தடவினால் பல சொத்தைகள் மேலும் பரவாமல் நிற்கும். சொத்தையான இடம் கறுத்துவிடும் என்பது இதன் குறை. நரம்பு வரை போன பல்லுக்கும் சீழ் பிடித்த பல்லுக்கும் இது உதவாது. கிளாஸ் அயனோமர் சிமென்டையும் இந்தத் திரவத்தையும் ஃபுளூரைடு பற்பசையோடு சேர்த்து, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்தது. பெரிய செலவு பிடிக்காத இவை, கிராம முகாம்களில் வழக்கமான சிகிச்சையாக வேண்டும்.

தண்ணீரும் புகையிலையும்

சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடும் குடிநீரில் அளவு மீறினால் கெடுதல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் அது அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் சிறு வயதில் அந்த நீரையே குடித்து வளர்ந்தால், பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அங்கே குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் கொடுப்பதே வழி.

வெற்றிலையோடு புகையிலை, ஹான்ஸ் போன்ற புகையிலைப் பொட்டலங்களை வாயில் அடக்குவது ஈற்றைக் கெடுக்கும்; வாய்ப்புற்றுநோயையும் வரவழைக்கும். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது.

வாசலுக்கு வருகிறவர்களைக் கேளுங்கள்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு வீங்கும், பல் ஆடும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். மாத்திரை தர வருபவரிடம் வாயையும் காட்டுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே உண்டு.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பல் குறைபாடும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. பிள்ளைக்குச் சொத்தை என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் எங்கே பல் மருத்துவர் இருக்கிறார் என்று கிராம சுகாதார செவிலியரிடமோ 104 என்ற எண்ணிலோ கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளூரைடு பற்பசையால் தேயுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும், விழுங்கவிடாதீர்கள். ஃபுளூரைடு அதிகமுள்ள ஊர் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
* செங்கல் தூள், கரி, சாம்பல் வேண்டாம், எனாமல் தேயும்.
* பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.
* பிஸ்கட், மிட்டாயை நாள் முழுக்கக் கொறிக்கவிடாதீர்கள்.
* வலிக்கிற பல்லில் புகையிலையோ பெட்ரோலோ வைக்காதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். முகவீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமோ வந்தால் 108-ஐ அழையுங்கள். பல்லில் தொடங்கும் கிருமித் தொற்று உயிரையும் பறிக்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலை, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல் மருத்துவர் எந்தக் கிழமை வருவார்? பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.