கோல்டன் கிளவ் வாங்கியவருக்கு ஏன் இடமில்லை?

2022-23 பிரீமியர் லீக் சீசனில், அதிக ஆட்டங்களில் கோல் விடாத கோல்கீப்பருக்கான கோல்டன் கிளவ் விருது மான்செஸ்டர் யுனைடெட்டின் டேவிட் டி ஹேயாவுக்குக் கிடைத்தது. 17 ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. சீசன் முடிந்த சில வாரங்களில், 12 ஆண்டுகளில் 545 ஆட்டங்கள் ஆடிய அந்தக் கிளப்பை விட்டே அவர் வெளியேற வேண்டியிருந்தது. பழைய ஒப்பந்தம் முடிந்தது, புதியது கையெழுத்தாகவில்லை.

விருது வாங்கிய கோல்கீப்பரையே போதாது என்று ஒரு கிளப் முடிவு செய்வது எப்படி?

கோல் விடாத ஆட்டம், அதாவது கிளீன் ஷீட், முதலில் அணியின் கணக்கு. எட்டு உதைகளைத் தடுத்தவருக்கும், 90 நிமிடமும் வேலையே இல்லாமல் நின்றவருக்கும் அது ஒரே மாதிரிதான் பதிவாகும். அதனால் இப்போது கிளப்புகள் வேறு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. இலக்கை நோக்கி வந்த ஒவ்வொரு உதையும் எங்கிருந்து புறப்பட்டது, வலையின் எந்த மூலைக்குப் போனது என்பதை வைத்து, அது கோலாகும் வாய்ப்பை எண்ணாக மாற்றுகிறார்கள். சராசரி கோல்கீப்பர் 40 கோல் விட்டிருக்கக்கூடிய உதைகளில் ஒருவர் 35தான் விட்டார் என்றால், மிச்சமான ஐந்தும் அவர் சொந்தமாகச் சம்பாதித்தவை. ஆனாலும் ஒரே சீசனின் எண்ணை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு மூன்று கோல்களிலேயே படம் தலைகீழாகிவிடும்.

எண்ணில் அகப்படாதவை கண்ணில் படும், பார்க்கத் தெரிந்தால். எதிரணி வீரரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் கோல்கீப்பரின் இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் எந்தப் பக்கமும் உந்திப் பாய முடியாது. சரியான இடத்தில், சரியான நேரத்தில் நின்றுவிட்டவரின் மார்பில் பந்து வந்து விழும். யாரும் கைதட்ட மாட்டார்கள். அரை அடி தள்ளி நின்றவர் அதே பந்துக்குக் காற்றில் பறந்து விரல்நுனியால் தட்டிவிடுவார், அரங்கமே எழுந்து நிற்கும். கோல்கீப்பரை எடைபோட விரும்புபவர் அந்த முதல் ஆளைக் கவனிக்கப் பழக வேண்டும்.

உதைகளைத் தடுப்பதில் டி ஹேயா தன் தலைமுறையின் பெரிய பெயர்களில் ஒருவர். சிக்கல் கால்களில் இருந்தது. அப்போதைய பயிற்சியாளர் எரிக் டென் ஹாக், ஆட்டம் கோல்கீப்பரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைப்பவர். 2023 ஏப்ரலில் செவியாவில் நடந்த யூரோப்பா லீக் காலிறுதி ஆட்டம் அந்தக் குறையை அம்பலமாக்கியது. எதிராளிகள் சூழ நின்ற தடுப்பாளர் ஹாரி மக்வையருக்கு டி ஹேயா பந்தைக் கொடுத்தார். பந்து பறிபோனது, கோல். பிற்பாதியில் தன் எல்லையைத் தாண்டி ஓடி வந்தவர், பந்தைக் காலில் நிறுத்த முடியாமல் தவறவிட்டார். மறுபடி கோல். யுனைடெட் 0-3 என்று தோற்று வெளியேறியது.

அவர் இடத்துக்கு இன்டர் மிலானிலிருந்து வந்தவர் ஆந்த்ரே ஓனானா. இன்டரை சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை கொண்டுபோனவர்களில் ஒருவர், பந்தை அழகாகக் கடத்துபவர். ஆனால் 2023 அக்டோபர் 3 அன்று, சொந்த மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் கலாத்தசராய்க்கு எதிராக, அந்தக் காலே காலை வாரியது. அவர் கொடுத்த பந்து நேராக எதிராளியிடம் போக, அதைச் சரிக்கட்டப் போன சக வீரர் கசெமீரோ சிவப்பு அட்டை வாங்கினார். மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில், கோபன்ஹேகன் அணியின் கடைசி நேரப் பெனால்டியைத் தடுத்து 1-0 வெற்றியைக் காப்பாற்றியவரும் அவரேதான். பிறகு இஸ்தான்புல்லில் கலாத்தசராயின் ஹக்கீம் ஸியெக் அடித்த ஃப்ரீ கிக் கைகளில் பட்டு உள்ளே போனது. குழுச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் யுனைடெட் விட்ட கோல்கள் 15.

பந்தைக் கடத்தும் கோல்கீப்பர் வேண்டும் என்ற எண்ணம் தவறல்ல. யுனைடெட் பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொண்டது. இன்டரில் ஓனானாவுக்கு முன்னால் மூன்று நடுத் தடுப்பாளர்கள் கட்டுக்கோப்பாக நின்றார்கள். யுனைடெட்டில் நடுக்களம் திறந்து கிடந்தது, உதைகள் மழையாக வந்தன. ஆள் நல்லவரா என்று பார்த்தவர்கள், இந்த அணிக்குப் பின்னால் நிற்க ஏற்றவரா என்று அதே அளவு கவனமாகப் பார்க்கவில்லை.

2025-26 சீசனை யுனைடெட் லீக்கில் ஓனானாவுக்குப் பதிலாக இன்னொரு கோல்கீப்பரான அல்தாய் பாயிந்திருடன் தொடங்கியது. ஆர்சனலுடனான முதல் ஆட்டத்திலேயே ஒரு கார்னர் பந்தை அவரால் உறுதியாகத் தட்டிவிட முடியவில்லை. ஆர்சனலின் கலாஃபியோரி தலையால் முட்டிக் கோலாக்க, அந்த ஒரு கோலில் ஆட்டம் போனது. செப்டம்பர் 1 அன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் கிளப்பிலிருந்து 23 வயது சென்னே லாமென்ஸ் வாங்கப்பட்டார். உயரமானவர், கூட்டத்துக்குள் புகுந்து உயரப் பந்தைப் பிடித்துவிடுபவர் என்று பெயர் எடுத்தவர். அக்டோபர் 4 அன்று சண்டர்லேண்டுக்கு எதிரான அவருடைய முதல் ஆட்டம் 2-0 வெற்றியாக முடிந்தது. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் இடம் அவருக்கே கிடைத்தது.